ஐநூறு யூனிட்டுக்குள்ள

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கிறேன். சன்னல் பக்கம் வேணுமா? வேணாமா? சரி. இந்நேரத்துக்கு இந்த சீட்டை யாரும் கேக்க மாட்டாங்க, வெயில் நேரா மடியில வந்து விழும். எனக்கு ஒண்ணும் செய்யாது. பழகிப்போச்சு.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். மகன் வீட்டுக்கு. என் சம்சாரம் அங்க இருக்கா, கூட்டிட்டு வரலாம்னு போறேன். வர மாட்டேன்னுட்டா. போன்ல கேட்டாச்சு, மகன்கிட்ட சொல்லிப் பார்த்தாச்சு. "அம்மா இங்கயே இருக்கட்டும்ப்பா" அப்படிங்கிறான். எத்தனை நாளைக்குடான்னு கேட்டா போனை வச்சுர்றான். இனிமே இங்கதான்னு அர்த்தம். அது தெரியாத ஆளா நான்?

சண்டை ஒண்ணும் இல்ல தம்பி. அதான் எனக்கு விளங்கல. நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருந்தாள்னா நானும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன், முடிஞ்சு போயிருக்கும். பேசவே மாட்டேங்கிறா. போனைக் குடுத்தா மருமகள்ட்டயே திருப்பிக் குடுத்துர்றாளாம். முப்பது வருசத்துக்கு மேல ஒரே வீட்டுல, ஒரே அடுப்புல பொங்கித் தின்னவ. என்ன குறை வச்சேன் நான்?

குடிக்க மாட்டேன். பீடி சிகரெட்டு கிடையாது. விருதுநகர்ல பருப்பு மண்டியில கணக்குப்பிள்ளையா இருந்தேன். மொதலாளி செத்து, அவரு மகன் வந்து, கம்ப்யூட்டர் வந்து, போதும்னு சொல்ற வரைக்கும் இருந்தேன். இன்னிக்கும் அந்தப் பக்கம் போனா, "வாங்க வேலாயுதண்ணே"ன்னு எந்திரிச்சு நிப்பாங்க. ஒருத்தன் வந்து வேலாயுதம் என்கிட்ட கைமாத்து வாங்கினான்னு சொல்ல முடியாது.

எப்படி முடிஞ்சுதுன்னா, கவர். மண்டியில பருப்பு சாம்பிள் போட்டுக் குடுக்கிற காக்கிக் கவர் இருக்குல்ல, அது. மிச்சமானதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துருவேன். சம்பளம் வந்ததும் பிரிச்சுப் போட்டுருவேன். பாலுக்கு ஒண்ணு. கேஸுக்கு ஒண்ணு. கரண்டுக்கு ஒண்ணு. வைத்தியத்துக்கு ஒண்ணு. அது போக வருசத்துக்கு ஒருக்கா வர்ற செலவு இருக்கு பாருங்க, அதுலதான் ஆளு சாயுறது. எங்க அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலு, ஆவணியில வரிசையா கல்யாணம், மொய், தீபாவளி, ஸ்கூல் திறக்கிற மாசம். அது ஒவ்வொண்ணுக்கும் ஒரு கவர், மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுட்டு வரணும். தீபாவளி வருதுன்னு நான் ஒரு வருசம்கூட பயந்தது இல்ல. ஊரே வட்டிக்கு அலையும். நான் கவரைப் பிரிச்சுட்டு கடைக்குப் போவேன்.

ஒரே ஒரு சட்டம். ஒரு கவர்ல இருந்து இன்னொரு கவருக்குக் காசு போகக்கூடாது. போச்சுன்னா குடும்பம் போச்சு. சௌந்தரத்துக்கும் அது தெரியும். அவ பேரு சௌந்தரம். கல்யாணமான புதுசுல ஒருக்கா பால் கவர்ல இருந்து எடுத்து வளையல் வாங்கிட்டா. நான் திட்டல. அடிக்கல. அந்த மாசம் கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் கடுங்காப்பி குடிச்சோம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் தொட்டதே இல்ல. ரொம்பப் பாந்தமானவ தம்பி, அதை இல்லன்னு சொல்லக்கூடாது.

கள்ளிக்குடி தாண்டியாச்சா? இப்பத்தான் வருதா. பையப் போறான். நான் எக்ஸ்பிரஸ்ல ஏற மாட்டேன். அவனும் அதே மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுலதான கொண்டு போயி இறக்குறான்? எதுக்குக் கூடக் குடுக்கணும்?

வினை எங்க ஆரம்பிச்சதுன்னா, ஏசி. மகன் கதிரேசன் வாங்கி மாட்டுனது. நான் கேக்கல. மதுரையில வண்டி ஷோரூம்ல இருக்கான், நல்ல சம்பளம். ஒரு சித்திரையில வந்தான், அம்மா வேர்த்து ஊத்திக்கிட்டுக் கெடக்கிறதைப் பார்த்தான், மறுநாள் ஆளைக் கூட்டிட்டு வந்து செவத்துல ஓட்டையைப் போட்டுட்டான். அவளுக்கு சுகர் இருக்கு. ரொம்ப வருசமா. மொத மாத்திரை, அப்புறம் ஊசி. காலையில ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி, அவளே போட்டுக்குவா. வெயில் ஆகாது அவளுக்கு. மகன் ஆசையா மாட்டுனது, வேணாம்னு சொல்ல முடியுமா? ஏசியை மாட்டிட்டுப் போயிருவான். பில்லு யாரு கட்டுறது?

ஈபி கணக்கு உங்களுக்குத் தெரியும்ல? ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங். ஐநூறு யூனிட்டு வரைக்கும் ஒரு கணக்கு. ஐநூத்தி ஒண்ணு ஆச்சுன்னு வைங்க, அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் கூடக் கேட்டா நியாயம், குடுத்துட்டுப் போயிரலாம். அப்படி இல்ல. கீழ இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ரேட்டு மாறிரும். மொத்தமா வேற கணக்கு. தாண்டாதவரைக்கும் மனுசன், தாண்டிட்டா ஏமாளி.

ஏசி வந்த மொத கோடையில தாண்டிருச்சு. எம்புட்டுங்கிறீங்க? மூணே மூணு யூனிட்டு. ரீடிங் எடுக்க வந்தவரு மிசினைத் தட்டிட்டு, "ஐயா, ஒரு நாளு ஃபேனைப் போடாம இருந்திருந்தாத் தப்பிச்சிருப்பீங்க" அப்படின்னாரு. நல்ல மனுசன், வருத்தப்பட்டுத்தான் சொன்னாரு. எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. கரண்டு கவர்ல இருந்த காசு பத்தல தம்பி. தீபாவளிக் கவரைப் பிரிச்சேன். வாழ்க்கையில மொத தடவை ஒரு கவர்ல இருந்து இன்னொரு கவருக்கு. அவ பார்த்துக்கிட்டே நின்னா. "விடுங்க, காசுதான"ன்னா. காசுதானவாம்.

அன்னிக்கு முடிவு பண்ணேன். இனிமே இந்த வீட்டுல ஐநூறு தாண்டாது.

அதுல இருந்து ஒரு முறை வச்சிருக்கேன். காலையில எந்திரிச்சதும் மீட்டரைப் பார்க்கிறது. இன்னும் எத்தனை நாள் இருக்கு, எத்தனை யூனிட்டு இருக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கலாம்னு மனசுலயே போட்டுருவேன். மண்டிக்காரன் மனக்கணக்கு. ரீடிங் நெருங்க நெருங்க ஒண்ணொண்ணாக் குறைச்சுட்டு வரணும். மொத வாஷிங்மெசின். துணியைக் கையில துவைச்சா என்ன, ரெண்டு பேரு துணிதான? அப்புறம் மிக்ஸி, கிரைண்டர். அம்மிதான் கெடக்கே. அப்புறம் ஃபிரிட்ஜு.

ஃபிரிட்ஜுதான் தம்பி பெரிய பெருச்சாளி. மத்ததெல்லாம் நாம போட்டாத்தான் ஓடும். அது நாம தூங்குனாலும் ஓடும். ஊருக்குப் போனாலும் ஓடும். அதுவும் எங்களுது பழைய ஃபிரிட்ஜு, மகன் பொறந்தப்ப வாங்குனது, கடமுடா கடமுடான்னு ஓடிக்கிட்டே இருக்கும். அதை மட்டும் நிறுத்திப் பாருங்க, மீட்டர் அப்படியே பையத் தளர்ந்து ஓடும். அதைப் பார்க்கிறதுல ஒரு சந்தோசம். உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். இருக்கட்டும்.

ஏசியை நிறுத்தலாமேன்னு கேப்பீங்க. அவளுக்கு வெயில் ஆகாதுல்ல? மத்தியானம் கொஞ்ச நேரம் அவளுக்காகப் போடுவேன். அதைக் குறைச்சதே இல்ல. அவளுக்கு ஏசி ஓடணும்னுதான் ஃபிரிட்ஜையே நிறுத்துனேன். அதை யாராவது நெனைக்கிறாங்களா?

இந்த வருசமும் அப்படித்தான். சித்திரையில ரீடிங். அதுக்கு முந்துன ரெண்டு மூணு வாரம் ஃபிரிட்ஜை நிறுத்திட்டேன். பாலு அன்னன்னிக்கு வாங்கி அன்னன்னிக்குக் காய்ச்சுறது. மாவு கொஞ்சமா அரைக்கிறது. காயெல்லாம் ஈரத்துணியில சுத்தி வைக்கிறது. அவ எல்லாத்தையும் வெளியில எடுத்துட்டு ஃபிரிட்ஜைத் துடைச்சு வச்சா. அவ ஊசி மருந்து மட்டும் உள்ளயே இருந்துச்சு.

மருந்து இந்தத் தடவை நிறைய இருந்துச்சு. பங்குனியில மதுரைக்கு வந்திருந்தப்ப, மொத்த மருந்துக் கடையில ஒரு ஆளு சொன்னாரு, மூணு மாசத்துக்குச் சேர்த்து வாங்குனாத் தள்ளுபடி உண்டுன்னு. வாங்கிட்டேன். வைத்தியக் கவர் காலியாச்சுதான், ஆனா கோடை முழுக்க மருந்துச் செலவு கிடையாது. ஐஸ் வச்சுக் கட்டிக் குடுத்தான். அது பஸ்ஸுல கசிஞ்சு என் வேட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு. ஐஸைக் கீழ ஊத்திட்டுக் கொண்டு வந்தேன்.

அவ கேட்டா. கேக்கலன்னு சொல்ல மாட்டேன். "ஏங்க, ஃபிரிட்ஜு ஓடலையே, மருந்தை எடுத்து மண்பானைத் தண்ணியில போட்டு வைக்கட்டுமா"ன்னா. நான்தான் சத்தம் போட்டேன். டாக்டரு என்ன சொல்லியிருக்காரு? மருந்தை ஃபிரிட்ஜுலதான் வைக்கணும்னு தெளிவாச் சொல்லியிருக்காரா இல்லையா? பானைத் தண்ணியில போட்டு, லேபிள் கிழிஞ்சு, ஏதாவது உள்ள போயி ஊசி வழியா ஏறுச்சுன்னா? "வெளியில எடுத்த, பார்த்துக்கோ"ன்னேன். அதோட விட்டுட்டா. கதவைக்கூடத் தேவையில்லாமத் திறக்கக்கூடாதுன்னு சொல்லிவச்சேன். நான் அப்படித்தான் தம்பி. டாக்டரு சொன்னா சொன்னதுதான்.

ஐநூறுக்குள்ள முடிஞ்சுது. ரீடிங் எடுக்க வந்தவரு, "என்னய்யா, கரெக்டா வச்சிருக்கீங்க"ன்னு சிரிச்சாரு. அவரு போனதும் ஃபிரிட்ஜைப் போட்டேன். கடமுடான்னு ஓட ஆரம்பிச்சுது. அவளும் சிரிச்சா. அப்பல்லாம் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா.

சுகர் ஏறுனது அந்தச் சமயம்தான்.

ராத்திரி பகல்னு இல்லாம ஒண்ணுக்குப் போறா. தண்ணி தண்ணிங்கிறா. ஆளு இளைக்கிறா. ரத்தம் எடுத்துப் பார்த்தா முந்நூத்தைத் தாண்டி நிக்குது. ஊசி போடுறா, ஒழுங்காப் போடுறா, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். அப்ப எப்படி ஏறுது? நீங்களே சொல்லுங்க. ஊசியும் போட்டு சுகரும் ஏறுச்சுன்னா என்ன அர்த்தம்? வாயிதான். எனக்குத் தெரியாம எதையோ திங்கிறா.

மாம்பழக் காலம் வேற. பக்கத்து வீட்டுல கூடை கூடையா வாங்குவாங்க. குடுத்திருப்பாங்க. நான் சீனி டப்பாவுல பென்சிலால கோடு போட்டு வச்சேன். வெல்லத்தை அளந்து வச்சேன். பலகாரம் எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னேன். பக்கத்து வீட்டு அம்மாகிட்டயே நேராக் கேட்டுட்டேன், இவளுக்கு மாம்பழம் குடுக்கிறீங்களான்னு. அந்த அம்மாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு. இவ உள்ள போயிட்டா.

"சத்தியமா நான் ஒண்ணும் தின்னலைங்க. மருந்து கேக்கல போல"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மருந்து கேக்கலையாம்! காசு போட்டு மொத்தமா வாங்கினது, மதுரையிலயே பெரிய கடை. தான் திருடித் தின்னுட்டு மருந்து மேல பழியைப் போடுறா. சொல்லிட்டேன். திருடின்னு சொல்லல, ஆனா அந்த அர்த்தத்துலதான் சொன்னேன். அவ உள்ள போயி ஒரு கட்டி சூடத்தை எடுத்துட்டு வந்து, சாமி படத்துக்கு முன்னால கொளுத்தி, உள்ளங்கையால அணைச்சா. சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுனா தம்பி. உள்ளங்கை செவந்து போச்சு.

நான் நம்பல. வியாதி வந்தவங்க வாய்க்காகப் பொய் சொல்லுவாங்க, அது அந்த வியாதியோட குணம்னு நெனைச்சேன். பெரிய கட்டியா எடுத்துக் கொளுத்திட்டாளேன்னுதான் அப்ப மனசுல ஓடுச்சு. சூடம் என்ன விலை விக்குது இப்ப.

டாக்டருகிட்டயும் போனோம். அவரும் அதையேதான் கேட்டாரு. சாப்பாடு எப்படி, இனிப்பு உண்டா. "அதைக் கேளுங்க சார் நல்லா"ன்னேன். அப்புறம் என்கிட்ட, "மருந்தை ஃபிரிட்ஜுலதான வைக்கிறீங்க?"ன்னாரு. "ஆமா சார், கதவுல மேல் தட்டு, டப்பாவைவிட்டு எடுக்கிறதே இல்ல"ன்னேன். தலையை ஆட்டிட்டு அளவைக் கூட்டி எழுதிக் குடுத்தாரு. கூட்டிப் போட்டோம். அப்பவும் இறங்கல. மருந்துதான் மளமளன்னு குறைஞ்சுது.

நான் ஒரு ஆளு, சொல்லிக்கிட்டே போறேன். உங்களுக்குத் தூக்கம் வந்தாத் தூங்குங்க.

காலுக்கு வர்றேன். வைகாசியில மாடியில வத்தல் போட்டா. வருசாவருசம் போடுறதுதான். கொத்தவரங்கா, சுண்டைக்கா, கூழ் வடகம். கடையில ஒரு பாக்கெட்டு என்ன விலைன்னு நெனைக்கிறீங்க? வீட்டுல போட்டா வருசத்துக்கும் ஆகும். உச்சி வெயில்ல மாடிக்குப் போயி துணியில பரப்பி வைப்பா. திங்கிற சாமான் காயிற இடம்னு செருப்புப் போட மாட்டா. நான் கீழ இருந்து கேட்டேன், கால் சுடலையா சௌந்தரம்னு. "சுடலைங்க"ன்னா. எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு, தரை அப்படிக் கொதிக்குது. பரவால்ல, தாங்குறாளேன்னு நெனைச்சேன்.

தாங்கல. தெரியல அவளுக்கு. கால்ல உணர்ச்சி போயிருச்சாம். சுகர் கூடிக் கெடந்ததுல மரத்துப் போச்சாம். உள்ளங்கால்ல கொப்புளம் விட்டு ஒடைஞ்சதுகூடத் தெரியாம நடந்திருக்கா. நான்தான் பார்த்தேன், தரையில ஈரத்தடம். மஞ்சளை வச்சுக் கட்டுனா. வைத்தியக் கவர் மருந்துலயே காலியாயிருச்சுன்னு சொன்னேன்ல, ஒண்ணாந்தேதி போஸ்டாபீசுல போட்டு வச்ச பணத்துக்கு வட்டிக் காசு வரட்டும், ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். சரின்னா. அவ எதுக்கு சரின்னு சொல்லல? அது வர்றதுக்குள்ள கால் கறுத்துப் போச்சு.

மகன் வந்தான். வந்த வேகத்துல அவளைத் தூக்கிட்டு மதுரைக்குப் போனான். முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு.

எடுத்ததைச் சொல்றேன், எனக்கு அழுகை வரல பாருங்க. அன்னிக்கும் வரல. வரணும்ல? ஆஸ்பத்திரி வாசல்ல உக்கார்ந்துக்கிட்டு எவ்வளவு ஆகும், எந்தக் கவர்ல எவ்வளவு இருக்குன்னு கூட்டிக்கிட்டு இருந்தேன். தீபாவளி, மொய், கோயில் எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டுனாலும் பத்தாதுன்னு வந்துச்சு. திரும்பத் திரும்பக் கூட்டினேன். மிச்சத்தை மகன் கட்டிட்டான். எல்லாக் கவரும் காலி. ஒரே நாள்ல. அதுக்குக்கூட எனக்கு ஒண்ணும் தோணல.

ஆனா ஒண்ணு சொல்லணும். ஆஸ்பத்திரியில சேர்த்த ஒரு வாரத்துல சுகர் இறங்கிருச்சு. மளமளன்னு இறங்குச்சு. எப்படின்னு கேளுங்க. அதே ஊசி மருந்து. நான் லேபிளைப் பார்த்தேன், அதே பேரு, அதே கம்பெனி. அளவுகூட எங்க வீட்டுல போட்டதைவிடக் கம்மி. அப்ப என்ன வித்தியாசம்? அங்க மாம்பழம் குடுக்க ஆளில்ல. நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா? அவகிட்ட அதைச் சொல்லிக் காட்டல. மகன்கிட்ட மட்டும் லேசாச் சொன்னேன். அவன் எந்திரிச்சு வெளியில போயிட்டான்.

அப்பவும் அவ என்கிட்டப் பேசிக்கிட்டுத்தான் இருந்தா. சாப்பிட்டீங்களாம்பா. வீட்டைப் பூட்டுனீங்களாம்பா. "உங்களுக்கு யாரு சமைக்கிறா"ம்பா. கால் போனதுக்கு என்னைய ஒரு வார்த்தை சொல்லல.

பேச்சு நின்னது எதுலன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு நாள் மத்தியானம் கரண்டு போச்சு. ஜெனரேட்டர் எதோ மக்கர் பண்ணுச்சு, உடனே வரல. அந்த நர்ஸ் பொண்ணு சின்னப் பொண்ணு, பதறி ஓடி வந்துச்சு. ஓரத்துல ஒரு குட்டி ஃபிரிட்ஜு இருந்துச்சு. அதைத் திறந்து இன்சுலின் பாட்டிலையெல்லாம் அள்ளி ஒரு ஐஸ் டப்பாவுல போட்டு மூடுச்சு. நான் சிரிச்சுட்டேன். "என்னம்மா, கரண்டு போயி அஞ்சு நிமிசம் ஆகல, அதுக்குள்ள என்ன ஆயிரப் போகுது"ன்னேன். "இல்ல தாத்தா, இந்த வெயில்ல கெட்டுப் போயிரும், அப்புறம் ஊசி போட்டாலும் பச்சைத் தண்ணி போட்ட மாதிரிதான்"னு சொல்லிட்டு ஓடிருச்சு. சின்னப் பிள்ளைக, எல்லாத்துக்கும் பதட்டம்.

நான் திரும்புறேன், சௌந்தரம் என்னையப் பார்த்துக்கிட்டு இருக்கா. கோவமாப் பார்க்கல. அழுகல. சும்மா பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. "என்ன சௌந்தரம், தண்ணி வேணுமா"ன்னேன். மூஞ்சியைச் செவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. அதுல இருந்து பேசல தம்பி. இன்னிக்கு வரைக்கும் பேசல.

திருமங்கலமா இது? டோல்கேட்டு வரப் போகுது.

வீட்டுல நான் மட்டும்தான். இந்தத் தடவை ரீடிங்குக்கு மீட்டர் ஓடவே மாட்டேங்குது. ஏசி போட ஆள் இல்ல. கிரைண்டர் இல்ல. நூறைத் தாண்டுமான்னே தெரியல, பில்லே வராமப் போனாலும் போயிரும். காலையில எந்திரிச்சுப் போயி மீட்டர் முன்னால நிக்கிறேன். சந்தோசம் வரணும்ல? பார்த்துட்டு உள்ள வந்துர்றேன். சமைக்கத் தோணல. காக்கிக் கவரெல்லாம் அலமாரியில வரிசையா இருக்கு, எதுல எவ்வளவு போடணும்னு தெரியல. பாலுக்குப் போட்டேன். வைத்தியத்துக்கு யாருக்குப் போடுறது? அவ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியல. அதைத்தான் இன்னிக்கு அவகிட்டச் சொல்லப் போறேன். சொன்னது இல்ல இதுவரைக்கும். சொன்னா வந்துருவா. வருவாள்ல?

வெறுங்கையோட போகல. இந்தப் பையில என்ன இருக்குங்கிறீங்க? அவ மருந்துதான். மிச்சம் இருக்கு, ரெண்டு மூணு பாட்டிலு. மகன் போன்ல சொல்றான், "அந்தப் பழைய மருந்தைத் தூக்கிக் குப்பையில போடச் சொல்றாங்கப்பா அம்மா"ன்னு. எனக்குக் கேக்கவே முடியல. முழுசு முழுசா பிரிக்காத பாட்டிலு. தேதி இன்னும் ஒரு வருசம் இருக்கு. அங்க புதுசு புதுசா வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்காங்க, மகன் காசுன்னா காசு இல்லையா? அதான் துணியில சுத்தி எடுத்துட்டு வந்துட்டேன். நானே போட்டு விடுவேன். அவ இனிமே குனிஞ்சு நிமிர முடியாதுல்ல.

என்ன தம்பி? எதுக்குப் பையை எடுக்கிறீங்க? கனமெல்லாம் இல்ல. நிழல்லயா? ஓ, வெயில் படுதுன்னா? அட, இந்தா வந்துருச்சு ஊரு, இந்தக் கொஞ்ச தூரத்துக்கு என்ன ஆயிரப் போகுது. உங்க வீட்டுலயும் யாருக்கும் சுகரா? அம்மாவுக்கா? ஊசியா? பாவம். அவங்களையும் வாயைக் கட்டச் சொல்லுங்க.

என்ன கேட்டீங்க? சத்தமாச் சொல்லுங்க, இவன் ஹாரனை விட மாட்டேங்கிறான். ஃபிரிட்ஜை நிறுத்தி வச்சிருந்த அந்த ரெண்டு மூணு வாரமும் மருந்து எங்க இருந்துச்சுன்னா?

ஃபிரிட்ஜுலதான் தம்பி. எத்தனை தடவை சொல்றது. அவ வெளியில எடுக்கட்டுமான்னுகூடக் கேட்டா. நான்தான் எடுக்க விடல. ஊசி நேரம் தவிரக் கதவைத் திறக்கவே விடல.

என்ன தம்பி.

ஏன் அப்படிப் பாக்குறீங்க?

அவளும் இப்படித்தான் பார்த்தா. அன்னிக்கு கரண்டு போனப்ப. இதே மாதிரிதான்.

மாட்டுத்தாவணி வந்துருச்சு போல, எல்லாரும் எந்திரிக்கிறாங்க. நீங்க எந்திரிக்காதீங்க. பையைக் குடுங்க, இல்ல, நீங்களே வச்சிருங்க, ஒரு நிமிசம் இருங்க. அவ சொல்ல மாட்டா. நீங்களாவது சொல்லிட்டு இறங்குங்க.